ஃபிலிம் கேமராவோட ஊர் சுத்தக் கிளம்புறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ட்ரிப் முடிஞ்சு வந்து ரோல் வீணாப்போச்சுன்னு பொலம்புறவங்கள்ல பாதிப்பேருக்கு கெட்டது போட்டோ எடுக்குறப்ப இல்ல, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ தான், பையில, கார்ல, ஏர்போர்ட்ல.

ஏர்போர்ட்டையே எடுத்துக்குவோம். இன்னும் லேப்ல கழுவாத ஃபிலிம் ரோல செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க, அங்க விடுற எக்ஸ்ரே ரொம்ப பவர்ஃபுல், படம் பூரா மங்கிப்போய் பட்டை பட்டையா கோடு விழுந்துடும். கைப்பையில வச்சா பழைய டைப் எக்ஸ்ரே மெஷின்ல 200, 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்த உணர்ற அளவு) ரோலெல்லாம் ஒண்ணு ரெண்டு தடவ போனா தப்பிச்சிடும், ஆனா இப்ப பல ஏர்போர்ட்ல பல கோணத்துல எக்ஸ்ரே எடுக்குற சிடி ஸ்கேனர் வந்துடுச்சு, அதுல ஒரு தடவ போனாலே ஆபத்து தான், கோடாக்கே அதுல விடாதீங்கன்னு சொல்லுது. ரோலெல்லாம் டப்பாலேர்ந்து எடுத்து ஒரு ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல போட்டு, கையால செக் பண்ண முடியுமா சார்னு பொறுமையா கேளுங்க. க்யூ நீளமா இருக்கப்ப கேட்டா கடுப்பாவாங்க, கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க. கேமராக்குள்ள பாதி ஓடின ரோல் இருக்குறத நிறைய பேர் மறந்துடுவாங்க, அதையும் சேர்த்து சொல்லணும். எக்ஸ்ரேய தடுக்கும்னு ஈயப் பை வாங்கி ஏமாறாதீங்க, ஸ்க்ரீன்ல கருப்பா தெரிஞ்சா பிரிச்சு வெளிய எடுத்து மறுபடி தான் விடுவாங்க.

அடுத்து சூடு. வெயில்ல நிறுத்துன கார் டேஷ்போர்டுல ரோல் வச்சா கலர் மாறிடும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ரோலயும் உடனே பிரிக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும், ரெண்டு மூணு மணி நேரம் வெளிய கிடக்கட்டும்.

இப்ப தனுஷ்கோடிக்கு வாங்க. ரெண்டு பக்கமும் கடல், கீழ வெளுத்த மணல், 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் முன்னாடி ஆள நிறுத்தி எடுத்தா முகம் கருத்துப்போய் வரும், ஏன்னா அந்த வெளிச்சத்தப் பாத்து கேமராவோட லைட் மீட்டர் ஏமாந்துடும். உள்ளங்கைய வெயில்ல காட்டி அத மீட்டர் பண்ணி ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் ரெண்டு மடங்காகுற மாதிரி, கூட்டி வைங்க. மீட்டரே வேலை செய்யலன்னா நல்ல வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப்16, 200 ஐஎஸ்ஓ ரோலுக்கு ஷட்டர் வேகம் 1/250 செகண்ட், இந்த பழைய கணக்கு போதும். கலர் நெகட்டிவ், அதாவது சாதாரண கலர் ரோல், ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுனா தாங்கும், கொறஞ்சா நிழலெல்லாம் சேறு மாதிரி ஆயிடும். ஸ்லைடு ஃபிலிம்னா (ஃபிலிம்லயே நேரா கலர் படம் விழுறது) இதுக்கு நேர் எதிர், அதுல வெளிச்சம் கூடவே கூடாது. தனுஷ்கோடி காத்துல நின்னு கேமரா பின்பக்கத்த திறக்காதீங்க, ஒரு மணல் உள்ள போனாலும் ரோல் முழுக்க கீறல்தான்.

ரோல லோட் பண்ணிட்டு ஃபிலிம நகர்த்துற லீவர இழுக்குறப்ப, ஃபிலிம திரும்ப சுத்துற ரீவைண்ட் நாப் சேர்ந்து சுத்துதான்னு பாருங்க. சுத்தலன்னா ஃபிலிம் மாட்டவே இல்ல, நம்பர் மட்டும் ஓடிட்டிருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கேமராவ நேரா ட்ரிப்புக்கு தூக்கிட்டுப் போகாதீங்க, பின்மூடி ஓரத்து ஃபோம் பிசுபிசுன்னு ஆகியிருந்தா வெளிச்சம் உள்ள போகும், வீட்டுலயே ஒரு ரோல் ஓட்டிப் பாருங்க.

கஞ்சத்தனமும் ஒரு தப்புதாங்க. ரோல்ல 36 படம் தான் இருக்குன்னு நல்ல ஃப்ரேமுக்காக ஒரு டீக்கடை முன்னாடி அரை மணி நேரம் நிப்போம், அந்த சுகம் டிஜிட்டல்ல வராது, ஆனா எடுக்காமலே திரும்பி வந்துட்டா என்ன புண்ணியம்?

முடிஞ்ச ரோலோட நாக்க, அதாவது வெளிய நீட்டியிருக்குற ஃபிலிம் நுனிய, முழுசா உள்ள சுத்திடுங்க, அப்பதான் புதுசோட குழம்பாது. ஊருக்கு வந்ததும் சீக்கிரம் கழுவக் குடுங்க, மாசக்கணக்கா போட்டு வச்சா படம் மங்கும். ஸ்கேன் மட்டும் அனுப்பிட்டு நெகட்டிவ தூக்கிப் போட்டுடுற லேப்பும் இருக்கு, திரும்ப வேணும்னு குடுக்குறப்பவே சொல்லிடுங்க.