டூலாவை ஏற்பாடு செய்த பிறகும் நடக்கும் தவறுகள்

வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து ஓரிரு மணி நேரம் ஆகும்வரை தாயின் பக்கத்தை விட்டு நகராமல் இருப்பவர் டூலா. மூச்சை நிதானப்படுத்தச் சொல்லித் தருவார், இடுப்பை அழுத்திவிடுவார், நடக்க வைப்பார், மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுப்பார். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பதும், உள்பரிசோதனை செய்வதும், மருந்து கொடுப்பதும் அவர் வேலை அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 26 ஆய்வுகளில் இருந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலி நேரமும் சற்றுக் குறைந்திருந்தது. பலன் அந்த ‘இடைவிடாத’ என்ற சொல்லில் இருக்கிறது. நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பல அதைத்தான் அறுத்துவிடுகின்றன.

முதலாவது, ஊர் மாறுவதைக் கணக்கில் எடுக்காதது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது வழக்கம். ஐந்தாம் மாதத்தில் சென்னையில் டூலாவைப் பேசி வைக்கிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போய்விடுகிறாள். அங்கே புது டாக்டர், புது மருத்துவமனை. டூலா போனில் மட்டும். போனில் இடுப்பை அழுத்திவிட முடியாது. எந்த ஊரில் பிரசவம் என்பதை 20ஆவது வாரத்துக்குள் முடிவு செய்து, அந்த ஊரிலோ அங்கே வந்து தங்கக்கூடியவராகவோ டூலாவைத் தேடுங்கள். அப்போதுதான் வலி வருமுன் இரண்டு மூன்று தடவையாவது நேரில் உட்கார்ந்து பழக முடியும். 36ஆவது வாரத்தில் தேடினால் கிடைப்பவரை ஒப்புக்கொள்வதைத் தவிர வழி இருக்காது.

இரண்டாவது, மருத்துவமனையில் கேட்காமல் விடுவது. பிரசவ அறையில் உடன் ஒரு பெண் துணை இருக்க மத்திய அரசு 2016இல் அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் அனுமதி பொதுவாக ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் அம்மாவா, ஆண்களை விடும் இடமானால் கணவரா, டூலாவா? வலி வந்த இரவில் லேபர் வார்டு வாசலில் நின்று தீர்க்கும் கேள்வி இல்லை இது. தனியார் மருத்துவமனைகளில் விதி ஆளுக்கு ஆள் மாறும். டாக்டர் சரி என்று சொல்லியிருப்பார், இரவுப் பணி நர்ஸுக்குத் தெரிந்திருக்காது. 32ஆவது வாரத்துக்குள் டாக்டரிடமும் லேபர் வார்டு பொறுப்பாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இருவர் இருக்கலாமா, மாறி மாறி உள்ளே வரலாமா, சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் யாராவது வரலாமா? அனுமதியை டாக்டர் கையால் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்வது நல்லது. ஒருவர்தான் என்று உறுதியானால், அம்மாவையோ கணவரையோ அந்த இடத்துக்குத் தயார் செய்யும்படி டூலாவிடமே கேளுங்கள். அதுவும் அவர் வேலைதான்.

டூலா இருந்தால் சிசேரியன் வராது என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நஞ்சுக்கொடி கர்ப்பவாயை மூடியிருந்தாலோ, குழந்தையின் துடிப்பு இறங்கி மீளாமல் போனாலோ எந்தத் துணையும் அறுவையைத் தவிர்க்க முடியாது. ‘சிசேரியன் வராமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று உறுதி தருகிற டூலாவை விட்டு விலகுங்கள். டாக்டர் இல்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு குறுகிய நேரத்திலேயே உயிரை எடுக்கக்கூடும். 2018இல் திருப்பூரில் வீட்டில் நடந்த பிரசவத்தில் ஒரு தாய் இறந்தது நமக்குத் தெரியும்.

பணம் கொடுக்குமுன் எத்தனை சந்திப்பு, எந்த வாரத்திலிருந்து எந்த வாரம்வரை அழைத்தால் வருவார் (38 முதல் 42 வரை இருப்பது நல்லது), அவருக்கு முடியாத நாளில் யார் வருவார், மருத்துவமனை உள்ளே விடாவிட்டால் கட்டணம் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி வலி நாள். அதிகம் சறுக்குவது இங்கேதான். இடுப்பு லேசாகப் பிடித்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், கர்ப்பவாய் இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே திறந்த நிலையில் படுக்கையில் மணிக்கணக்கில் கிடக்க நேரும். வலியைக் கூட்ட டிரிப் ஏற்றும் பேச்சும் சீக்கிரமே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், கர்ப்பவாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர வலிக்கட்டம் தொடங்குவதாகக் கொள்கிறது. அதற்கு முந்தைய கட்டம் இவ்வளவு நேரம் என்று வரையறுக்க முடியாதது. சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் குடித்து, வெந்நீரில் குளித்து, கொஞ்சம் நடந்து பாருங்கள். சூட்டு வலி அடங்கிவிடும். நிஜ வலி நெருங்கிக்கொண்டே வரும். நேரம் குறிக்கும்போது ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எண்ணுங்கள். முடிந்ததிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். மறுபிரசவமோ, மருத்துவமனை தொலைவோ என்றால் இன்னும் முன்பே.

இந்தக் கணக்கு சில நேரங்களில் செல்லாது. பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் புறப்படுங்கள். உடைந்த நேரம், நீரின் நிறம், வாடை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது. மாதவிடாய் போல ரத்தம், குழந்தையின் அசைவு குறைவு, கடுந்தலைவலியோடு கண் மங்கல், காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி: எதற்கும் டூலாவுக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

தேதி தாண்டிவிட்டது என்று விளக்கெண்ணெய் குடிக்க வைப்பதும் இன்னும் நடக்கிறது. அது குடலைக் கலக்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உடம்பு நீர் வற்றி, உண்மையான வலி வருமுன்பே பெண் சோர்ந்துவிடுவாள். முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

லேபர் வார்டுக்குள் போனதும் மல்லாந்து படுப்பது அடுத்த பிழை. கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும், முதுகு வலியும் கூடும். நிற்பது, கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்வது, இடப்பக்கம் ஒருக்களிப்பது என்று அரைமணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு மணிக்கொருமுறை சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள்; நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்க இடம் தராது. டாக்டர் தடுக்காதவரை இளநீர், கஞ்சி, இட்லி கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். முதுகு வலி என்றால் முதுகுத்தண்டைத் தேய்க்காதீர்கள். தண்டு முடியும் இடத்தில் உள்ள தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி வரும்போது மட்டும் அழுத்திப் பிடியுங்கள். வலி போனதும் கையை எடுங்கள். குழந்தை வெளியே வர வயிற்றை மேலிருந்து அமுக்குவது யார் செய்தாலும் ஆபத்து. கர்ப்பவாய் முழுதும் திறந்து முக்க வேண்டும் என்ற உந்துதல் தானாக வருமுன் ‘முக்கு, முக்கு’ என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவதும் பெண்ணின் பலத்தை வீணாக்கும்.

எபிடியூரல் (முதுகில் போடும் வலிமறப்பு ஊசி) போட்டாயிற்று, இனி டூலா எதற்கு என்று அனுப்பிவிடாதீர்கள். கால் மரத்திருக்கும்போதுதான் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கவும் ஆள் தேவை.

குழந்தை பிறந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் தாயின் வெற்று மார்பில் குழந்தை கிடக்க வேண்டும். இதைத்தான் நாம் கலைக்கிறோம். துணி சுற்றி வெளியே எடுத்துப்போய்ச் சொந்தக்காரர்களிடம் காட்டுகிறோம், பெரியவர் கையால் சேனை தொட்டு வைக்கிறோம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வேண்டாம். தேனால் கைக்குழந்தைக்கு நரம்பைத் தாக்கும் நச்சு நோய்கூட வரலாம். வாயில் முதலில் படவேண்டியது சீம்பால். இதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்பதாம் மாதத்திலேயே பேசி, அன்று வாசலில் நின்று உறவுகளை ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள். தாத்தாவோ சித்தப்பாவோ சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.