தாத்தாவின் பட்டாளத்துச் சிநேகிதரைத் தேடுவது எப்படி?

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே களிம்பேறிய இரண்டு மெடல்கள், யூனிஃபார்மில் இருவர் நிற்கும் ஒரு போட்டோ. அதோடு, "உங்க தாத்தா பர்மாவில சண்டை போட்டவரு" என்று பாட்டி சொன்ன ஒற்றை வரி. எங்கள் வீட்டில் இரண்டாம் உலகப் போரிலிருந்து மிஞ்சியது இவ்வளவுதான். போட்டோவில் தாத்தாவின் தோளில் கைபோட்டு நிற்பவர் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் செய்த முதல் தப்பு, தாத்தாவின் பெயரை கூகுளில் போட்டுத் தேடியது. ஒரு வருடம் அப்படியே வீணாகப் போனது. பட்டாளத்தில் ஆளை அடையாளம் சொல்வது பெயர் இல்லை, நம்பர். நம்பரும் யூனிட்டும் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கைவிரித்துவிடுவார்கள். அதனால் இந்த வேலையை வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை. மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தினருக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்தவற்றில் நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்துக் கொடுத்தார்கள். வட்ட மெடல் என்றால் விளிம்பில் இருக்கும், நட்சத்திரம் என்றால் பின்பக்கம். பளபளப்பாக்கப் போய் அந்த எழுத்தை அழித்துவிட்ட வீடுகள் உண்டு. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்துகூடத் தெரியும்.

ரிப்பனும் பேசும். கருநீலத்தில் நடுவே சிவப்புப் பட்டை, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடு இருந்தால் அது பர்மா ஸ்டார். மணல் நிறத்தில் நடுவே சிவப்பு இருந்தால் ஆப்பிரிக்கா ஸ்டார். ஆக, "பர்மா" என்று வீட்டில் சொல்லிவந்தது உண்மையில் எகிப்தோ லிபியாவோவாகவும் இருக்கலாம். கேட்பவர்களுக்குத் தெரிந்த ஊர் பர்மா என்பதால் கதை அப்படி மாறியிருக்கும்.

அடுத்து டிஸ்சார்ஜ் புக். இது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சேர்ந்த தேதி, நம்பர், டிரேடு (அதாவது பட்டாளத்தில் பார்த்த வேலை), விடுவிக்கப்பட்ட தேதி எல்லாம் அதில் இருக்கும். 1947-க்குப் பிறகு பணியில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்றால் பி.பி.ஓ. என்று சொல்லும் ஓய்வூதிய ஆணையைத் தேடுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம்பருக்கு முன்னால் ஜே.சி. என்று வந்தால் அவர் சுபேதார் வரிசையில் இருந்தவர்.

பழைய கடிதங்களில் ஊர்ப்பெயரைத் தேடிப் பயனில்லை. எங்கே இருக்கிறோம் என்று எழுதக்கூடாது, எழுதினால் சென்சார் அடித்துவிடும். அதற்குப் பதிலாக முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று ஒரு நம்பர் இருக்கும். அது களத் தபால் அலுவலகம். அந்த நம்பரையும் தேதியையும் வைத்து, அன்று அந்த அலுவலகம் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ராணுவத்தைவிட இவர்கள் துல்லியம் என்பது என் அனுபவம்.

படி 2: பெயரை எத்தனை விதமாகக் கெடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்

முனுசாமி என்று ஒரு பெயர். அதை எழுதிக்கொண்ட கிளார்க்குக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. முனிசாமி, முனுஸ்வாமி, மன்னுசாமி என்று ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் விழுந்திருக்கும். கடைசி எழுத்து ஐ-யா, ஒய்-யா என்பது தனிக் கதை. இனிஷியல் சில இடங்களில் முன்னால், சில இடங்களில் பின்னால், பல இடங்களில் இல்லவே இல்லை. ஊரைத் தேடும்போதும் அந்தக்கால மாவட்டப் பெயரைப் போடுங்கள்: வட ஆற்காடு, செங்கல்பட்டு, ராமநாடு, திருச்சினாப்பள்ளி. திருவண்ணாமலை மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் வராது, அன்று அப்படி ஒரு மாவட்டம் இல்லை.

ஒரு நோட்டில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான்.

படி 3: சரியான ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள்

"மெட்ராஸ்காரர், அப்போ மெட்ராஸ் ரெஜிமென்ட்தான்" என்று முடிவுகட்டாதீர்கள். சென்னை மாகாணத்திலிருந்து போன ஏராளமானோர் லாரி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள், ரோடு போட்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆவண அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். 1780 முதல் வரலாறு உள்ள, பாலமும் பாதையும் அமைக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும், உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோருக்கும் பெங்களூரு. ஆயுதமும் தளவாடமும் வழங்கும் ஆர்டினன்ஸுக்கும், வண்டியும் இயந்திரமும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கும் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னலுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். சாப்பர்ஸ் வீரர்களைப் பட்டாளம் முழுக்கத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தாத்தா ஊரில் எல்லாரையும், அவரைவிட மூத்தவர்களைக்கூட, தம்பி என்று அழைத்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடிதத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த ஆண்டு, உங்களுக்கு என்ன உறவு என்பதை எழுதி, வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் நகலெடுத்து இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வேறொருவரின் சொந்த விவரம் என்று சொல்லி மறுக்க வழியிருப்பதால், உறவைக் காட்டும் சான்றை இதிலும் மறக்காமல் வையுங்கள்.

எனக்கு முதலில் வந்த பதில் இரண்டு வரி: ஆவணம் இருப்பில் இல்லை. பென்ஷன் இல்லாமல் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். வருத்தம்தான், ஆனால் இதோடு தேடல் முடிந்துவிடாது. ஆளின் கோப்பு போனாலும் யூனிட்டின் கதை வேறு இடத்தில் இருக்கும்.

படி 4: யூனிட்டின் பின்னால் போங்கள்

போர்க்களத்தில் ஒவ்வொரு யூனிட்டும் தினமும் ஒரு நாட்குறிப்பு எழுதியது. பர்மா, அஸ்ஸாம் பக்கம் இருந்த இந்திய யூனிட்டுகளின் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 என்ற வரிசையில் இருக்கின்றன. மத்திய கிழக்கு என்றால் 169. பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம், எல்லாப் பக்கமும் இணையத்தில் கிடைக்காது.

சிப்பாய் பெயர் அதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் இந்தத் தேதியில் இந்த ஆற்றங்கரையில் முகாம், மழை, பெய்லி பாலம் பாதி முடிந்தது, இரவில் குண்டு விழுந்தது என்று நாள்வாரியாக இருக்கும். போட்டோவின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும் தேதியை அதோடு பொருத்திப் பார்த்தால், எங்கே எடுத்தது என்று ஊகிக்க முடியும். வீரப் பதக்கம் வாங்கியவர் என்றால் டபிள்யூ.ஓ. 373-இல் பரிந்துரையே இருக்கக்கூடும். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டையும் பாருங்கள்.

டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் இன்னொரு இடம். ஐ.என்.ஏ. எனப்படும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் இங்கேதான் முதலில் தேட வேண்டும். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேரே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்களுக்குப் பழைய ராணுவ நம்பரே இருக்காது. அவர்களுக்குத் தியாகி பென்ஷன் கோப்பு, சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் ஆகியவைதான் வழி. பதிவுகளில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம்.

படி 5: திரும்பி வராதவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் உண்டு. தகப்பனார் பெயர், ஊர் பல பதிவுகளில் இருக்கும். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். பர்மாவில் இறந்தவர்களுக்கு ரங்கூன் அருகே டவுக்யன், மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்தவர்களுக்குச் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி. சென்னையில் நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறது, எத்தனையோ முறை பஸ்ஸில் தாண்டிப் போயிருப்போம்.

சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் ராணுவத்தினர் அல்லர் என்பதுதான் காரணம். 415 கிலோமீட்டர் பாதை நெடுக மாண்டவர்களுக்குக் குடும்ப நினைவைத் தவிர வேறு பதிவு அரிது.

படி 6: கூட இருந்தவரைத் தேடுவது

இரண்டாம் உலகப் போர் என்றால் இப்போது தேடுவது பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை. 1965, 1971 பாகிஸ்தான் போர்கள் என்றால் ஆளே கிடைக்கலாம்.

மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கும். அவர்கள் முகவரி தரமாட்டார்கள், தரவும் கூடாது. "என் நம்பரை அவரிடம் சேர்த்துவிடுங்கள், விருப்பமிருந்தால் அவரே பேசட்டும்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் உதவுகிறார்கள். அதைவிட வேகமான வழி மிலிட்டரி கேன்டீன் வரிசை. காலை 9 மணிக்குப் போய் நின்று, "சார், எந்த யூனிட்?" என்று ஒருவரிடம் ஆரம்பித்தால் போதும், பத்து நிமிடத்தில் உங்கள் போட்டோ நாலு கை மாறியிருக்கும். டிசம்பர் 7 கொடி நாள், ரெஜிமென்ட் தொடங்கிய நாளைக் கொண்டாடும் ரைசிங் டே சந்திப்புகள் எல்லாம் இதற்கு நல்ல நாட்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ.வையும் போடாதீர்கள். பென்ஷன் மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

படி 7: உட்கார்ந்து பேசும்போது

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சண்டையைக் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீங்க, குளிருக்கு என்ன போட்டீங்க, பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தார், லீவில் வர எத்தனை ரயில் மாறினீங்க என்று கேளுங்கள். சண்டை தானாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். நடுவில் அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அடுத்த கேள்வியைப் போட்டு அந்த மௌனத்தைக் கெடுத்துவிடுகிறோம், எனக்கும் இது வர நாளாயிற்று.

பதிவு செய்ய அனுமதி கேட்டுவிட்டு, தேதியும் இடமும் சொல்லித் தொடங்குங்கள். நாற்பது நிமிடம் போதும், மறுநாள் மறுபடி போகலாம். ஒரிஜினல் போட்டோவைக் கொண்டுபோகாதீர்கள். பெரிதாகப் பிரின்ட் போட்டு இரண்டு காப்பி எடுத்துப் போங்கள். ஒன்றை அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், திருப்பிக் கேட்க உங்களுக்கு மனசு வராது.