உறங்க மறுத்த வன்தட்டுகள்

பழைய காப்புப் பிரதிகளுக்காக நான் வைத்திருக்கும் சேமிப்பகக் கணினியின் நான்கு வன்தட்டுகளை மாதத்திற்கு ஒருமுறைதான் திறப்பேன் என்றாலும், அவை இரவு பகலாகச் சுழன்றுகொண்டே இருந்தன. வன்தட்டின் அமைப்புகளை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் 242 என்ற குறியீட்டு எண்ணைக் கொடுத்து, அதாவது ஒரு மணி நேரம் வேலையின்றி இருந்தால் சுழற்சியை நிறுத்தும்படி, அமைத்தும் பயனில்லை. பதிவுகளைப் புரட்டியபோதுதான், தட்டுகளின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டி நிரல் 30 நிமிடத்திற்கு ஒருமுறை அவற்றைத் தட்டிக் கேட்டு, அந்தக் கணக்கை மீண்டும் மீண்டும் பூச்சியத்திற்குக் கொண்டுவந்தது தெரிந்தது. காவலாளியே தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்! குறியீட்டு எண்ணை 240 ஆக்கி, காத்திருப்பு நேரத்தை அந்த 30 நிமிடத்திற்கும் குறைவாக, 20 நிமிடமாகக் குறைத்தேன். உறங்கும் தட்டை எழுப்பக்கூடாது என்ற தெரிவையும் நிரலின் அமைப்புக் கோப்பில் சேர்த்தேன். சும்மா சுழலும்போது ஏறத்தாழ 5 வாட் இழுத்த ஒவ்வொரு தட்டும் இப்போது 1 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கிறது. கோப்பைத் திறக்கச் சில நொடிகள் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.