விலை கொடுத்து வாங்கித் தப்பாக மாட்டாதீர்கள்

கார் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கான பாதுகாப்புச் சாமான்கள் விற்ற தன் கம்பெனியின் தீ தாங்கும் சூட்டைத் தானே போட்டுக்கொண்டு, தனக்கே தீ வைத்துக் காட்டியவர் பில் சிம்ப்சன். கலிஃபோர்னியாக்காரர். 18 வயதில், நேர்ப்பாதையில் சீறும் டிராக் ரேஸில் கார் நிற்காமல் மோதி இரண்டு கைகளையும் உடைத்துக்கொண்டார். பின்னால் பாராசூட் கட்டிக் காரை நிறுத்தலாமே என்ற யோசனை அதன்பின் வந்தது. அதுவே கம்பெனியாக வளர்ந்தது. 1974 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 13-ஆவதாக வந்தவரும் இவரே.

அவர் தீ வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, நோமெக்ஸ் என்ற தீ தாங்கும் துணியில் தைத்த சூட் போட்டால் தீ அண்டாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அது சில வினாடிகளைத்தான் வாங்கித் தரும். ரேஸ் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்எஃப்ஐயின் கணக்கில் 3.2ஏ/1 சூட் என்றால், தோல் கொப்பளிக்கும்வரை சுமார் 3 வினாடி, 3.2ஏ/5 என்றால் 10. பெல்ட்டை அவிழ்த்து வெளியே வர உங்களுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். உள்ளே பாலியஸ்டர் பனியன் போடாதீர்கள். சூட் எரியாவிட்டாலும் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் தீப்பிடிக்கும்; அந்தக் கையைச் சூட்டிலேயே துடைக்கிறவர்களுக்கு என்ன சொல்ல!

பெல்ட்தான் பெரிய கதை. 2001 பிப்ரவரி 18, அமெரிக்காவின் டேடோனா பந்தயம். கடைசிச் சுற்றில் சுவரில் மோதி, பேர்பெற்ற டிரைவர் டேல் அர்ன்ஹார்ட் இறந்தார். காரில் இருந்தது சிம்ப்சன் பெல்ட். இடது இடுப்புப் பட்டை அறுந்திருந்தது என்று பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பு அறிவித்ததும் பழி சிம்ப்சன் தலையில் விழுந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டு கம்பெனியை விட்டே விலகினார். பெல்ட்டில் குறையில்லை, கம்பெனி சொன்னபடி மாட்டவில்லை என்பது அவர் வாதம். ஆகஸ்டில் வந்த நாஸ்கார் அறிக்கை, பட்டை அறுந்த விதத்தை 'டம்பிங்' என்றது. இழுப்பு கோணலாக வரும்போது, இறுக்கும் கொக்கிக்குள் பட்டை ஒரு மூலையில் போய்க் குவியும். முழு அகலமும் சேர்ந்து தாங்க வேண்டிய பாரம் ஓரத்து நூல்கள்மேல் விழும். அப்புறம் காகிதம் மாதிரி அந்த ஓரத்திலிருந்து கிழியும்.

அதனால், பட்டையைப் பொருத்தும் தகடு இழுபடும் திசையைப் பார்த்து இருக்கிறதா, வழியில் சீட்டின் விளிம்பு உரசுகிறதா, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை வயிற்றில் உட்காரக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். முதலில் இடுப்பை இறுக்கி, பிறகு தோளை இறுக்குங்கள். மாற்றிச் செய்தால் இடுப்புப் பட்டை மேலே ஏறிவிடும். எஸ்எஃப்ஐ பெல்ட்டுக்கு ஆயுள் 2 ஆண்டுதான். வெயில் நைலானையும் பாலியஸ்டரையும் தின்றுவிடும், பார்க்கப் புதிதாகவே இருக்கும்.

பெல்ட் உடம்பைப் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. 1981-இல் மிட்-ஒஹாயோ டிராக்கில் பாட்ரிக் ஜாக்மார் மண்டையோட்டின் அடி உடைந்து இறந்தார். அதைப் பார்த்துக் கலங்கிய ரேஸ் டிரைவர் ஜிம் டவுனிங், பேராசிரியரான தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டோடு சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ்: தோளில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை வாரால் பிடித்துக் கழுத்தைக் காக்கும் சாதனம். பெல்ட்டின் தோள்வார்கள் அதன்மேல் படிந்தால்தான் வேலை செய்யும். சாதாரணக் காரின் மூன்று முனை பெல்ட்டோடு அதை மாட்டுவது வீண்.

ஹெல்மெட்டில் ஒன்று: பைக் ஹெல்மெட்டைக் கார் ரேஸுக்குப் போடாதீர்கள். ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பு கார் ரேஸுக்கு வைத்திருக்கும் எஸ்ஏ தரத்தில் உள்ள தீச்சோதனை, பைக்குக்கான எம் தரத்தில் கிடையாது. பழைய ஹெல்மெட்டும் வேண்டாம். கீழே விழுந்ததா என்று விற்கிறவர் சொல்லமாட்டார்.