நாய் சொறிஞ்சா செட்ரிசின், வாந்தி எடுத்தா எமிசெட்: நம்ம மாத்திரை டப்பால கை வைக்கிறதுக்கு முன்னாடி

மனுஷங்களுக்கான இந்த மருந்துல பாதிய கால்நடை டாக்டருங்களே நாய்க்கு எழுதித் தர்றாங்க, அதான் சிக்கலே. "போன தடவ அவரும் இதத்தானே குடுத்தாரு"ன்னு நாமளே குடுத்துடுறோம், அவர் எடை போட்டு வயித்த அமுக்கிப் பாத்து ஈறு கலரையும் பாத்துட்டுதான் குடுத்தார்ங்கிறது மறந்துடுது.

மொதல்ல அலர்ஜி மாத்திரை. வெறும் செட்ரிசினால பெருசா ஒண்ணும் ஆகாது, அதோட ஒட்டிக்கிட்டு வர்றதுதான் ஆபத்து. சளி மாத்திரைல குளோர்பெனிரமின்ங்கிற அலர்ஜி மருந்து இருக்கும், கூடவே பாராசிட்டமாலும் இருக்கும், பூனையோட லிவருக்கு பாராசிட்டமால ஒழுங்கா வெளியேத்தத் தெரியாது, 500 மில்லிகிராம் மாத்திரைல கால்வாசி போதும், ரத்தம் ஆக்சிஜன் சுமக்காம போயி ஈறு பழுப்பாயிடும், மூஞ்சி வீங்கும், உயிரே போகலாம். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சேந்த மாத்திரைன்னா நாய்க்கு இதயம் தாறுமாறா ஓடி வலிப்பு வரைக்கும் போகும். சிரப்பா இருந்தா சைலிட்டால்ங்கிற இனிப்பு இருக்கான்னு லேபிள்ல பாருங்க, நாய்க்கு அது சுகர சட்டுனு இறக்கிடும், லிவரையும் கெடுக்கும்.

இன்னொண்ணு, அவில்ங்கிற அலர்ஜி மருந்து போட்டதும் சொறியறது நின்னுச்சுன்னு சொல்றவங்க நெறைய பேரு, பாதி நேரம் அது அரிப்பு நின்னதில்ல, தூக்கம்! நாயோட நாள்பட்ட தோல் அலர்ஜில ஹிஸ்டமின்ங்கிற ரசாயனம் ஒரு சின்ன பங்காளிதான், அதனால அத மட்டும் தடுக்கிற இந்த மருந்துங்க அங்க சுமாராத்தான் வேலை செய்யும். உண்ணி, தெள்ளு இருக்கான்னு முதுகு, வால் பக்கம் முடிய விலக்கிப் பாக்காம மாசக்கணக்கா மாத்திரை குடுக்கிறது வீண்.

தேனீ கொட்டி மூஞ்சி மட்டும் வீங்கினா டாக்டர்ட்ட போன்ல கேட்டுட்டு அவில் குடுக்கலாம். ஆனா கொட்டின கொஞ்ச நேரத்துல வாந்தி, பேதி, தள்ளாட்டம்னா அது வயித்துக் கோளாறு இல்லீங்க. நாய்க்கு கடுமையான அலர்ஜி ஷாக் வந்தா லிவரும் குடலும்தான் மொதல்ல அடிவாங்கும், அப்போ தேவை அட்ரினலின் ஊசி, அவில் போட்டுட்டு வெயிட் பண்ணா நேரம் போயிடும்.

வாந்தி மாத்திரைல நடக்கிற தப்புதான் எனக்கு ரொம்ப கோவம் வர்றது. மாங்கொட்டை, எலும்பு, சாக்ஸுன்னு எதையாவது முழுங்கி குடல் அடைச்சிருக்கும், நாம பெரிநார்ம் குடுப்போம், அது வாந்திய மட்டும் நிறுத்தாது, குடல வேகமா தள்ளவும் செய்யும், அடைச்ச குடல அப்படித் தள்ளினா கிழியவே வாய்ப்பிருக்கு. பான்-டிங்கிற ஆசிட் மாத்திரைல இருக்கிற டோம்பெரிடோனும் இதே ஜாதிதான். எமிசெட் தள்ளாது, ஆனா வாந்திய அமுக்கிட்டு "சரியாயிடுச்சு"ன்னு ரெண்டு நாள் ஏமாத்தும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி, ரத்தப் பேதின்னு கிடந்தா பார்வோ வைரஸ் நோயா இருக்கலாம், அதுக்கு உடனே டிரிப்ஸ் வேணும்.

பேதிய நிறுத்துற லோபமைடு (லோபெரமைடு) வேண்டவே வேணாம். கோலி மாதிரி சில இனங்கள்லயும், கொஞ்சம் ஜெர்மன் ஷெப்பர்ட்லயும் எம்டிஆர்1 ஜீன் மாறியிருக்கும், மூளைக்குள்ள மருந்து போகாம தடுக்கிற பம்பு அதுங்களுக்கு வேலை செய்யாது, சாதாரண டோஸ்லயே மயங்கிக் கிடக்கும்.

ஆசிட் மாத்திரைல சின்னச் சின்ன தப்பு: பான்டோப்ரசோல பொடிச்சு சோத்துல கலக்குறது (மேல்பூச்சு போச்சுன்னா வயித்து ஆசிட்லயே மருந்து அழிஞ்சிடும்), வாரக்கணக்கா குடுத்துட்டு சட்டுனு நிறுத்துறது, வயித்துப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட்ட டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கோட ஒரே வேளைல குடுக்கிறது. சுக்ரால்ஃபேட்டுக்கும் டாக்சிசைக்ளினுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடுங்க, இல்லன்னா டாக்சி உடம்புல ஏறாது.

தப்பா எதையோ குடுத்தாச்சுன்னா உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்பே விஷமாயிடும். மாத்திரை அட்டையோட, எத்தன மணிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு எழுதி எடுத்துட்டு நேரா டாக்டர்ட்ட ஓடுங்க.