உங்கள் ஊர்ப் பிரச்சனையைச் சட்டமன்றம் வரை கொண்டுபோவது எப்படி

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் உங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை, மறுபடி ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரையே குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தொகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் 5 தொகுதிகள், கிருஷ்ணகிரியில் 6.

அப்புறம் எம்எல்ஏவிடம் வெறும் "நடவடிக்கை எடுக்கவும்" மனு கொடுக்காதீர்கள், அவர் அவையில் அப்படியே கேட்கக்கூடிய கேள்வியாக எழுதுங்கள்: எந்த ஊராட்சி, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இல்லை, எப்போது சரியாகும்? கேள்வி நேரத்தில் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறிவிடும், பிறகு யாரும் மறுக்க முடியாது.

எம்எல்ஏவுக்கு இந்த வலு எங்கிருந்து வருகிறது? அமைச்சரவை மொத்தமும் சட்டமன்றத்துக்குத்தான் பொறுப்பு. 234 பேரில் பெரும்பான்மை ஆதரவு போனால் முதல்வரே பதவியில் நீடிக்க முடியாது. சட்டமன்றம் சம்மதிக்காமல் அரசு பணமும் செலவழிக்க முடியாது, அதனால் குடிநீர்த் துறையின் மானியக் கோரிக்கை (அந்தத் துறையின் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது) விவாதத்துக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மனு எம்எல்ஏ கையில் இருக்க வேண்டும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்க்கட்சி எம்எல்ஏ என்றால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம், கேள்வி கேட்கும் உரிமை அவருக்கும் அதேதான். மனுவின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.