புதிய ஃப்ளாஷ்கார்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்ததும் தூக்கம் திரும்பியது: மருத்துவ மாணவர்களுக்கு ஒரு செய்முறை

முதலாண்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் ஒரு ஹியூமரஸ் எலும்பை, அதாவது மேற்கை எலும்பை, என் கையில் கொடுத்தார். அதன் பின்பக்கம் சாய்வாக ஓடும் பள்ளத்தில் (ஸ்பைரல் குரூவ்) விரலை வைத்து, "இதில் போகும் நரம்பு எது?" என்று கேட்டார். அதே கேள்விக்கு முந்தைய இரவு 1:40 மணிக்கு ஆன்கியில் (கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஃப்ளாஷ்கார்டு செயலி) 'எளிது' பட்டனை அழுத்தியிருந்தேன். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பதில் வரவில்லை. ரேடியல் நரம்பு என்பது வெளியே வந்து படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று நான் தூங்கியது மூன்றரை மணி நேரம். அந்த மாதம் முழுக்கவே ஏறக்குறைய அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றைச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஆன்கியை நிறுவுவது, டெக் (கார்டுத் தொகுப்பு) உருவாக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு ஃப்ளாஷ்கார்டு செயலி வைத்திருந்தாலும் கணக்கு இதேதான்.

படி 1: எழும் நேரத்தை நிலையாக வையுங்கள்

படுக்கும் நேரத்தில் கை வைக்காதீர்கள். "இன்று முதல் பத்து மணிக்குப் படுக்கிறேன்" என்று நானும் பலமுறை ஆரம்பித்தேன். பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காரணம் எளிது. விழித்த நொடியிலிருந்து மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரத் தொடங்குகிறது, அது போதிய அளவு சேர்ந்த பிறகே தூக்கம் அழுத்தும். ஒன்பது மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணிக்கு அந்த அழுத்தம் வந்திருக்காது.

அதனால் எழும் நேரத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். காலை வகுப்பு அல்லது வார்டு எப்போது என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வையுங்கள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. எழுந்த அரை மணிக்குள் வெளி வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் நான்கைந்து நாட்கள் பகலில் கண் சொருகும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகர்ந்துவிடும்.

அலாரத்துக்குத் தனி கடிகாரம் ஒன்று வாங்குங்கள் என்பேன். அலாரம் அடிக்கும் போனைக் கையில் எடுத்தால், அணைத்த பிறகும் அது கையிலேயே தங்கிவிடுகிறது.

எழும் நேரம் நிலைத்த பிறகு, அதிலிருந்து ஏழரை மணி நேரம் பின்னோக்கி எண்ணுங்கள். அந்தக் கோட்டுக்குப் பிறகு புத்தகம் கிடையாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது 2015ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொன்ன அளவு. படுத்ததும் உடனே தூக்கம் வராது என்பதால் அரை மணி சேர்த்திருக்கிறேன்.

படி 2: புதிய கார்டு எத்தனை? (இங்கேதான் நான் விழுந்தேன்)

படி 1 எனக்கு இரண்டே வாரத்தில் உடைந்துபோனது. நிறுத்த வேண்டிய கோடு வரும், ஆனால் அன்றைய ரிவ்யூ (பழைய கார்டுகளைத் திரும்பப் பார்ப்பது) இன்னும் 300 கார்டு மிச்சம் இருக்கும். மன உறுதி போதவில்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஆன்கியின் கையேட்டிலேயே இது இருக்கிறது: தினமும் 20 புதிய கார்டு படித்துக்கொண்டே போனால், நாளொன்றுக்குச் சுமார் 200 ரிவ்யூ வந்து நிற்கும். அதாவது பத்து மடங்கு. நான் வைத்திருந்த எண் 80. ஒரு கார்டுக்குப் பத்து விநாடி என்றாலும் 800 ரிவ்யூவுக்கு 2 மணி 13 நிமிடம். புதிய 80 கார்டுகளைப் படிப்பது தனி.

இதில் ஏமாற்றும் விஷயம், சுமை உடனே தெரியாது என்பதுதான். முதல் வாரம் 80 கார்டு சுலபமாக இருக்கும், ஏனென்றால் பழைய கார்டுகள் இன்னும் திரும்பி வரத் தொடங்கவில்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் எல்லாம் சேர்ந்து வரும். தேர்வும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். இரவு இரண்டு மணிக்கு நான் இழந்துகொண்டிருந்த தூக்கம், ஒரு மாதம் முன்பு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து 80 என்று தட்டியபோதே போய்விட்டது.

சரி, எண்ணை எப்படி முடிவு செய்வது? கார்டுகளுக்கு ஒரு நாளில் உண்மையாகவே எவ்வளவு நேரம் தர முடியும் என்று பாருங்கள். 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கைப் புதிய கார்டுகளுக்கு எடுத்து வையுங்கள், மீதி 40 நிமிடம். நிமிடத்துக்கு ஆறு கார்டு என்றால் 240 ரிவ்யூ. அதைப் பத்தால் வகுத்தால் 24. அதுதான் உங்கள் எண். பாடம் நிறைய இருக்கிறதே என்று தோன்றும், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் 24 என்பது ஆறு மாதத்தில் நான்காயிரம் கார்டுக்கு மேல், அதுவும் விழித்த மூளையோடு படித்த நான்காயிரம்.

ஏற்கெனவே மலைபோல் குவிந்திருந்தால் புதிய கார்டை 0 ஆக்கிவிடுங்கள். காலையில் 45 நிமிடம் மட்டும் ரிவ்யூ, மணி ஆனதும் மூடிவிடுங்கள். எனக்குக் குவியல் கரைய மூன்று வாரம் ஆனது.

இன்னொன்று. ஆன்கியில் அடுத்த நாள் தொடங்குவது, நாமாக மாற்றாத வரை, அதிகாலை 4 மணிக்கு. நள்ளிரவு தாண்டியும் "இன்றைய" கார்டுகள் அப்படியே காத்திருக்கும். ஒரு நாளும் விடாமல் படித்த தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாதே என்று 3:30 வரை உட்கார்ந்த இரவுகள் எனக்கு உண்டு. இப்போது ரிவ்யூவைக் காலை வகுப்புக்கு முன்பே முடிக்கிறேன். எழும் நேரத்தை இரண்டு மணி முன்னால் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படி 3: கார்டைச் சின்னதாக எழுதுங்கள்

பத்து விநாடிக் கணக்கு, கார்டு சின்னதாக இருந்தால்தான் நிற்கும். என் பழைய கார்டு ஒன்று: "ரேடியல் நரம்பு, பாதையும் பாதிப்பும்." பதில் எட்டு வரி. ஒவ்வொரு முறையும் பாதி நினைவு வரும், சரி என்று அழுத்திவிடுவேன். அதை இப்படி உடைத்தேன்:

ஹியூமரஸின் ஸ்பைரல் குரூவில் செல்லும் நரம்பு எது?
ரேடியல் நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு எப்படி நிற்கும்? (தொங்கிப்போகும்.)
அப்போது கையின் எந்தப் பகுதியில் உணர்ச்சி குறையும்? (புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில்.)

கார்டு எழுத மடிக்கணினி, ரிவ்யூவுக்கு போன். போனில் கார்டு எழுதினால் அவசரத்தில் நீளமாக ஒட்டிவிடுவோம்.

படி 4: சாப்பாடும் துணியும் முதலில்

வாரத் திட்டம் போடும்போது படிப்பை எழுதிவிட்டு, மிச்சத்தில் வாழ்க்கையைத் திணிப்பதுதான் எல்லோர் வழக்கமும். திருப்பிப் போடுங்கள். சாப்பாடு, குளியல், துணி துவைப்பது, வீட்டுக்குப் பேசுவது, அரை மணி நடை இவற்றை முதலில் எழுதுங்கள். இவை எப்படியும் நேரத்தை எடுக்கத்தான் போகின்றன. எழுதாவிட்டால் தூக்கத்திலிருந்து எடுக்கும். திட்டத்துக்குச் செயலி வேண்டாம், ஒரு காகிதமும் பென்சிலும் போதும். நான் நான்கு செயலி மாற்றிவிட்டுக் காகிதத்துக்கு வந்தேன்.

மாலையில் புதிய பாடம் ஒன்றரை மணி நேரம், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வெள்ளைத் தாளில் எழுதிப் பார்ப்பது இருபது நிமிடம். எழுத வராத இடம்தான் நாளைக்குக் கார்டாக வேண்டும். அடிக்கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதை அடியோடு விட்டுவிட்டேன்.

படி 5: காபியும் பகல் தூக்கமும்

காஃபீன் அடினோசினின் ஏற்பிகளை (அது மூளையில் போய் ஒட்டும் இடங்களை) அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடினோசின் குறைவதில்லை. உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பு கடைசிக் காபி. பகல் தூக்கம் 20 நிமிடம், மூன்று மணிக்கு முன்னால். ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து தலை பாரமாகிவிடும்.

பிற்சேர்க்கை 1: "எண்ணை 20 ஆக்கினேன், இன்னும் நூறு வருகிறது" என்று இதைப் படித்த சிலர் எழுதியிருந்தார்கள். மேல் டெக்கில் 20 வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் அனாடமி, பயோகெமிஸ்ட்ரி டெக்குகளைத் தனித்தனியாகத் திறக்கிறீர்கள். அப்போது ஒவ்வொன்றும் தன் எண்ணைத்தான் தரும். மேல் டெக்கையே திறந்து படியுங்கள். இன்னொருவர் ஆன்கியின் நினைவுத் தக்கவைப்பு இலக்கை (ரிவ்யூவில் எவ்வளவு பங்கு கார்டு நினைவில் இருக்க வேண்டும் என்ற எண்) 0.97 ஆக்கியிருந்தார். அது ரிவ்யூவைப் பல மடங்கு ஏற்றும், 0.90லேயே விடுங்கள்.

பிற்சேர்க்கை 2: நைட் டியூட்டி இருப்பவர்கள் கேட்டதற்கு. போவதற்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுங்கள். முடித்து வந்த காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, அன்றிரவு சீக்கிரம் படுங்கள். அன்று புதிய கார்டு வேண்டாம். வண்டி ஓட்டி வீடு திரும்பாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997ல் டாசனும் ரீடும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமம்.

பிற்சேர்க்கை 3: "எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அட்டவணையால் சரியாகிற விஷயம் இல்லை. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் கெட்டு, அது மாதக்கணக்கில் நீண்டால், அல்லது மனம் விடாமல் கனத்தே இருந்தால், உடனே மருத்துவரைப் பாருங்கள். நாமே மருத்துவம் படிக்கிறோமே என்று தள்ளிப்போடாதீர்கள். அவருக்குத் தனியாகவும் பதில் எழுதியிருக்கிறேன். சந்திப்புக்கு நேரம் வாங்கிவிட்டதாக நேற்று சொன்னார்.